கிணற்றுக்கு ஒரு ஆயில்

கல்யாணத்துக்கு முன்னால் ஊராருக்கெல்லாம் ஆயில் மாற்றச் சொல்வதுதான் எனக்கு வேலை. கே.கே. நகரில் ஒரு டூவீலர் சர்வீஸ் நிலையத்தில் போன் பிரிவு. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை, "சார், உங்க வண்டிக்கு ஆயில் மாத்துற நேரம் வந்துருச்சு" என்று ஒரே பல்லவி. பாதிப் பேர் பாதியிலேயே துண்டித்துவிடுவார்கள். ஒருவர், "வண்டிய வித்து மூணு வருசமாச்சு, இன்னும் எனக்கே போனைப் போடுற. நீ என்ன அந்த வண்டியப் பிடிச்ச பேயா?" என்று கேட்டார். பேயாக இருந்தாலும் பரவாயில்லை என்று மறுமாதமும் அவருக்குப் போட்டேன். பிடித்தால் விடமாட்டேன் என்று என் அம்மாவே சொல்வாள்.

அப்படிப்பட்ட என்னால் புகுந்த வீட்டு வண்டிக்கு ஆயில் மாற்ற வைக்க முடியவில்லை. ஊருக்கு உபதேசம் செய்த வாய், வீட்டுக்குள் வந்ததும் செல்லாக்காசாகிவிட்டது.

அந்த வண்டி ஒரு பழைய டிராக்டர். அதன் பின்பக்கத்தில் கிணறு வெட்டும் கிரேனைப் பொருத்தியிருந்தார்கள். அலங்காநல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர் கீழே போன கிணறுகளை இன்னும் ஆழமாக வெட்டிக் கொடுப்பது என் கணவர் குடும்பத்தின் தொழில். என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், மேலே கிரேனை இயக்குவார். என் கணவர் இரண்டு ஆட்களோடு கீழே இறங்கி, வெடி வைத்துப் பெயர்த்த பாறையைப் பக்கெட்டில் அள்ளிப் போடுவார். மேலே ஒருவர் நின்று, ஏறி வரும் பக்கெட்டை இழுத்துக் கவிழ்ப்பார். கல்லும் அந்தப் பக்கெட்டில்தான் ஏறும், ஆளும் அதில்தான் ஏறுவார்கள். வேறு வழி கிடையாது.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கிணற்றுக்குக் கிளம்பும் நாளில் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றி, சூடம் காட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுவார்கள். அதோடு சரி. அந்தக் கிணறு முடிந்து அடுத்த கிணற்றுக்கு நகரும் வரை ஆயிலை யாரும் தொடக்கூடாது. கிணற்றுக்கு ஒரு ஆயில். என் மாமனார் காலத்திலிருந்து இதுதான் கணக்கு.

மண்ணும் செம்பாறையுமாக இருந்த காலத்தில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும். கிணறு சீக்கிரம் முடிந்துவிடும், ஆயிலும் கெடுவதற்குள் மாறிவிடும். இப்போது அடியில் கிடப்பது கரும்பாறை. ஒரு கிணற்றில் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள். கிணறு ஆழம் ஆக ஆக ஒவ்வொரு பக்கெட்டும் மேலே வர அதிக நேரம் பிடிக்கிறது. ஆனால் ஆயில் மட்டும் கிணற்றுக்கு ஒன்றுதான்.

போதாக்குறைக்கு வண்டியின் பேட்டரி செத்துக் கிடந்தது. காலையில் யாருடைய டிராக்டரிலிருந்தாவது ஒயர் போட்டுக் கிளப்பிவிட்டால் சாயங்காலம் வரை நிறுத்தமாட்டார்கள். கஞ்சி குடிக்கும்போதும், கீழே பாறையை உடைத்துக்கொண்டிருக்கும்போதும், வெற்றிலை போடும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சக்கரம் ஒரு சுற்றுகூடச் சுற்றாது. வண்டியைப் பார்த்தால் புதையுண்டு நிற்பதுபோல அசையாமல் நிற்கும். உள்ளே என்ஜின் மட்டும் சாகச் சாக உழைத்துக்கொண்டிருக்கும்.

இது எனக்கு எப்படி உறைத்தது என்றால், பழைய வேலையிடத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதில் கிலோமீட்டருக்குப் பதிலாக மணிதான் ஏறும். இத்தனை மணி ஓடியாகிவிட்டது என்று பார்த்துத்தான் மெக்கானிக் வந்து ஆயில் மாற்றுவார். "இது எங்கேயும் போகவே இல்லையேண்ணே" என்று ஒருதரம் கேட்டேன். "போகலைன்னா என்ன? உள்ள சுத்துதுல்ல?" என்றார். எங்கள் டிராக்டரும் அந்த ஜாதிதான். பேர்தான் வண்டி.

டிராக்டரிலும் மணி காட்டும் மீட்டர் ஒன்று இருந்தது. நான் வாக்கப்பட்டு வரும்போதே அதன் கண்ணாடி உடைந்து, உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. அதனால் என்ன? டீசல் வாங்கி வருவது நான்தானே. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கேனை வைத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போய் வருவேன். ஒரு கேன் எத்தனை மணி நேரத்துக்குக் காணும் என்று எனக்குத் தெரியும். கேனை எண்ணினால் மணி வந்துவிடும். அப்போது வெட்டிக்கொண்டிருந்த கிணற்றுக்கு நான் தூக்கிய கேன்களைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை மாற்றியிருக்க வேண்டிய ஆயில், ஒரு தடவைகூட மாறவில்லை.

அன்றைக்குச் சோறு போடும்போதே மூத்தாரிடம் ஆரம்பித்துவிட்டேன்.

"அத்தான், வண்டிக்கு ஆயில் மாத்தணும்."

மூத்தார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கிணறு முடியட்டும்த்தா."

"கிணறு முடியிறதுக்குள்ள என்ஜின் முடிஞ்சிரும் போல அத்தான். ஆயில் டீத்தண்ணி மாதிரி ஆகிப்போச்சு. நான் அளவுக் கம்பிய உருவிப் பாத்துட்டுத்தேன் சொல்றேன்."

"நின்ன எடத்துல நிக்கிற வண்டி. நடக்காத காலுக்கு எதுக்குத்தா செருப்பு?"

கூடச் சாப்பிட்ட ஆட்கள் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்று ஏறியது. என் கணவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வாக்கியம்தான். "அண்ணே பாத்துக்கிருவாரு." மழை வந்தாலும் அண்ணன் பார்த்துக்கொள்வார், வெடிமருந்து புகைந்தாலும் அண்ணன் பார்த்துக்கொள்வார். தனியாக இருக்கும்போது கணவரிடம் கேட்டேவிட்டேன்: "கீழ எறங்குறது நீங்களா, அவரா? அந்த என்ஜின் நின்னா யாரு மாமா உள்ள கெடப்பா?"

அப்போதுதான் என் கணவர் விஷயத்தைச் சொன்னார். என் மாமனார் கிணற்றில் இறந்தது எனக்குத் தெரியும். கயிறு அறுந்து பக்கெட்டோடு விழுந்தார் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். அன்றைக்குக் கிணற்று வேலை பாதியில் இருக்கும்போதே வண்டிக்கு ஆயிலை இறக்கி மாற்றினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆயில் மாற்றி முடித்த பிறகு இறங்கிய முதல் நடையிலேயே கயிறு அறுந்திருக்கிறது. என் கணவர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. அண்ணன்தான் மேலே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம்.

"அதுலருந்து பாதிக் கிணத்துல ஆயில எறக்க விடமாட்டாரு. நீ அதப் பேசாத."

"அறுந்தது கயிறு. ஆயில் என்ன மாமா செஞ்சுச்சு?"

அவர் புரண்டு படுத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. செத்துப்போன ஒருவருக்காக உயிரோடு இருக்கிறவரைப் பள்ளத்தில் இறக்குகிறார்களே என்று நினைத்தேன். மறுநாள் பங்குக்குப் போனபோது பக்கத்துக் கடையில் ஆயில் கேனும் வாங்கிவிட்டேன். டீசல் கேனோடு அதையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு தினமும் கிணற்றுக்குப் போவேன். மூத்தார் அதைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன். இரண்டு பேரும் ஊமைச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாம் நடந்த நாளுக்கு முந்தின சாயங்காலம் கிணற்றில் வெடி வைத்திருந்தார்கள். வெடிக்கு முன்னால் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை மேலே தூக்கிவிடுவது வழக்கம். கல்லை அள்ளி முடித்த பிறகுதான் திரும்ப இறக்குவார்கள். மோட்டார் கரையில் கிடந்தது. என் கணவரும் இரண்டு ஆட்களும் உள்ளே இருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது நல்ல உச்சி வெயில்.

ஸ்கூட்டரை நிறுத்தும்போதே சத்தம் மாறியிருப்பது காதில் விழுந்தது. வழக்கமான சத்தத்துக்கு அடியில் டொக் டொக்கென்று யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோல ஒரு சத்தம். கிணற்று மேட்டில் செருப்போடு ஏறக்கூடாது. செருப்பை உதறிவிட்டு ஓடினேன்.

கிரேனை இயக்குகிறவர் எப்போதும் கிணற்றைப் பார்த்துத்தான் உட்காருவார். டிராக்டரின் முகப்பு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நாள் முழுக்க அவர் கண் கயிற்றிலும் பக்கெட்டிலும்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். நான் வந்தது முன்பக்கமாக. முகப்பில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எப்போதிருந்து எரிகிறதோ, யாருக்குத் தெரியும்!

"அத்தான், லைட் எரியுது! நிப்பாட்டுங்க!"

"கல்லு ஏறிக்கிட்டு இருக்குத்தா. கத்தாத."

கல் நிரம்பிய பக்கெட் பாதிக் கிணற்றில் வந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, சுவரோரமாக ஒதுங்கி மூன்று பேர். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர்.

"என்ஜின் பிடிச்சிரும் அத்தான்!"

"மேல வந்ததும் பாப்பம்."

டொக் டொக் சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. புகைக்குழாயில் புகை நிறம் மாறியிருந்தது. எனக்குள் கணக்கு ஓடியது. இப்போது நிறுத்தினால் பேட்டரி இல்லாத வண்டி, திரும்பக் கிளம்புமா என்று தெரியாது. நிறுத்தாவிட்டால் என்ஜின் இறுகிப் பிடித்துவிடும், அப்புறம் கிளம்பவே கிளம்பாது. முதல் கணக்கில் வழி இருக்கலாம். இரண்டாவதில் கிடையாது. வண்டியை நிறுத்தும் கம்பி என் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.

இழுத்துவிட்டேன்.

என்ஜின் உதறி நின்றது. மூத்தார் உடம்பு முழுவதையும் பிரேக்கில் சாய்த்து அமுக்கினார். கயிறு ஒரு முழம் இறங்கி நின்றது. பக்கெட் தொங்கியபடி சுற்றியது. ஒரு கல் உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. என் உயிர் அந்தக் கல்லோடு போய்த் திரும்பியது.

"அடிப் பாவி!" என்றார் மூத்தார். அந்த மனிதர் என்னை அப்படித் திட்டியது அன்றைக்கு ஒரு தடவைதான். எனக்கு அது வலிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுதான் வலித்தது. வெளுத்துப்போயிருந்தது.

கிரேனில் பூட்டு ஒன்று உண்டு. பல் தேய்ந்துபோன பூட்டு, அத்தனை கல்லையும் அதை நம்பி விட முடியாது. என்ஜின் துணை இல்லாமல் வெறும் பிரேக்கை விட்டு விட்டு இறக்கவும் அவருக்குத் துணிச்சல் இல்லை. வழுக்கிக்கொண்டு போனால் மூன்று பேர் தலையிலும் இறங்கிவிடும். ஆக அவர் அந்தப் பிரேக்கை விட்டு ஒரு இம்மி நகர முடியாது.

அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து என் கணவர் குரல் வந்தது. "அண்ணே! ஊத்து அடிச்சிருச்சுண்ணே! தண்ணிண்ணே!"

வெடியில் விரிசல் விட்டிருந்த பாறையைப் பெயர்த்ததும் ஊற்றுக் கண் திறந்திருக்கிறது. கிணறு வெட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சேதி கிடையாது. தண்ணீர் கண்டதும் கரையில் நிற்கும் பெண்கள் குலவை போடுவார்கள். பக்கெட் கவிழ்க்கும் ஆள் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்து, "மதினி, குலவை போடுங்க!" என்றார். நான் வாயைத் திறந்தேன். எச்சில் வற்றி, காற்றுதான் வந்தது. அந்த ஆளுக்கும் அப்போதுதான் புரிந்தது. மோட்டார் கரையில் கிடக்கிறது, என்ஜின் நின்றுவிட்டது, கீழே தண்ணீர் ஏறுகிறது.

எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சுவரோரமாகத்தான் முதலில் தேங்கியது. மூன்று பேரும் ஒதுங்கி நின்ற இடம் அது. வெடியில் பெயர்ந்த கல் குவியல் மட்டும் நடுவில் மேடாக இருந்தது. தண்ணீர் ஏற ஏற அவர்கள் அந்த மேட்டுக்குத்தான் வர வேண்டும். மேட்டுக்கு நேர் மேலே கல் பக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது.

"பக்கத்து வயல்ல டிராக்டர் உழுகுது. போயிக் கூட்டிட்டு வா, ஓடு!" என்று மூத்தார் அந்த ஆளை விரட்டினார். அவர் வரப்பில் விழுந்தடித்து ஓடினார். மேலே நாங்கள் இரண்டு பேர் மட்டும் மிச்சம்.

நான் ஆயில் கேனை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். "அத்தான், அந்த டிராக்டர் வந்து கிளப்பினாலும் இந்த ஆயிலோட ஓட்டுனா பிடிச்சிரும். மாத்திருவோம்."

அவர் கேனைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார்.

"அத்தான்!"

"வேணாம்த்தா," என்றார். கெஞ்சுகிற குரல். "அதுமட்டும் வேணாம். உள்ள ஆளு இருக்குத்தா."

"உள்ள இருக்குறது என் புருசன் அத்தான்!" என்று கத்தினேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு திறக்காமலே, "பொட்டியில பெரிய ஸ்பேனர் கெடக்கும். எடு," என்றார்.

வாயால் ஆயிரம் வண்டிக்கு ஆயில் மாற்றியிருக்கிறேன். கையால் ஒன்றுகூட மாற்றியதில்லை. சேலையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். மேலெல்லாம் அனல். எந்த நட் என்று தெரியவில்லை. "நடுவுல, அடியில, ஒத்தையா துருத்திக்கிட்டு இருக்கும்," என்று மேலிருந்து மூத்தாரின் குரல் வந்தது. ஸ்பேனரை மாட்டினேன். அசையவில்லை. "எடக்கைப் பக்கம்த்தா. மொத்தமா தொங்கு. பயப்படாத." யார் கூடாதென்று இத்தனை நாள் தடுத்தாரோ, அவரே சொல்லிக்கொடுக்க நான் அந்த நட்டில் தொங்கினேன். ஒரு கிறீச் சத்தத்தோடு சுழன்றது. மறு சுற்றில் கையை விலக்குவதற்குள் சுடுசுடுவென்று ஆயில் முழங்கை வரை வழிந்தது. கறுப்புத் தண்ணீர். பிசுபிசுப்பு என்பதே அதில் இல்லை. அளவிலும் பாதிதான் இருந்தது.

கீழே என் கணவர் ஏதோ கத்துவது கேட்டது. வண்டிக்கு அடியில் கிடந்த எனக்கு வார்த்தை விளங்கவில்லை. "என்ன சொல்றாரு அத்தான்?"

"முழங்காலுக்கு வந்துருச்சாம். நீ நட்ட மாட்டு."

மாட்டிவிட்டு வெளியே வந்து புது ஆயிலை ஊற்றினேன். அவசரத்தில் கொஞ்சம் வெளியிலும் போனது. ஓடிப்போன ஆளை ஏற்றிக்கொண்டு பக்கத்து வயல் டிராக்டர் மண் புழுதியோடு மேட்டில் ஏறி வந்தது. அதை ஓட்டிவந்தவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒயரை எடுத்து இரண்டு பேட்டரியையும் இணைத்தார். கிணற்றைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நான் எட்டிப் பார்த்தேன். மூன்று பேரும் கல் மேட்டுக்கு வந்துவிட்டார்கள். தொங்கும் பக்கெட்டை அண்ணாந்து பார்த்தபடி ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் தடவை என்ஜின் முக்கிவிட்டு நின்றது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவையில் கிளம்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும் வரை நான் எந்தெந்தச் சாமியைக் கூப்பிட்டேனோ, இன்றைக்கு நினைவில்லை. அணைந்தது. டொக் டொக் போகவில்லை, ஆனால் குறைந்திருந்தது. உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது, அது எனக்கும் தெரியும், மூத்தாருக்கும் தெரியும். இன்னும் மூன்று நடைக்கு அது தாங்க வேண்டும். முதல் நடையில் அந்தக் கல். இரண்டாவதில் இரண்டு ஆட்கள். மூன்றாவதில் என் கணவர். கடைசி ஆளாகத்தான் அவர் ஏறுவார், அதைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் புத்தி அப்படி.

"ஆத்தா, நீ அங்ஙனயே நில்லு. லைட்டைவிட்டுக் கண்ண எடுக்காத," என்றார் மூத்தார்.

அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, நான் விளக்கைப் பார்த்துக்கொண்டு, முதுகுக்கு முதுகாக நின்றோம். அவருக்கு விளக்கு தெரியாது. எனக்குக் கிணறு தெரியாது.

"எரியுதா?"

"எரியல அத்தான்."

கயிறு ஏறும் சத்தம். கல் பக்கெட் கரைக்கு வந்து கவிழும் சத்தம். பக்கெட் இறங்கியது.

"எரியுதா?"

"எரியல."

ஈரக்காலோடு இரண்டு பேர் மண்ணில் குதிக்கும் சத்தம். யாரோ இருமினார்கள். நான் திரும்பவில்லை.

கடைசி நடை. பக்கெட் கீழே போய்ச் சேர அத்தனை நேரமா ஆகும்? கயிறு இறுகியது. என்ஜின் சத்தம் ஒரு கட்டை இறங்கியது. விளக்கு ஒரு தடவை மினுங்கியது.

"எரியுதாத்தா?"

மினுங்கியதைச் சொன்னால் அவர் நிறுத்திவிடுவார். என் கணவர் அந்தரத்தில் தொங்குவார். "எரியல அத்தான், ஏத்துங்க, ஏத்துங்க!" என்று கத்தினேன். அது மறுபடியும் மினுங்கியது. நான் கண் சிமிட்டவில்லை. அப்புறம் நிலையாக எரியத் தொடங்கியது. அந்த நொடியில் பின்னால், "வந்துட்டேன் விடுங்க" என்று என் கணவர் குரல் கேட்டது. கம்பியை இழுத்து என்ஜினை நிறுத்திவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ஏறி வந்த ஆட்களில் ஒருவர் பல் தந்தியடிக்க நின்றபடியே சிரித்தார். "என்ஜின் நின்னதும் நாங்க கதிகலங்கிட்டோம் மதினி. கீழ கூட நின்ன அண்ணந்தேன் சொன்னாரு, 'எங்க அண்ணே நிப்பாட்ட மாட்டாரு. நிப்பாட்டுனா அது என் பொண்டாட்டியாத்தேன் இருக்கும். பயப்படாம நில்லுங்கடா'ன்னு." எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் கணவர் என் கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். சொல்ல வேண்டியதை எல்லாம் வழக்கம்போல விழுங்கிக்கொண்டு, தன் ஈரத் துண்டை என் கையில் சுற்றினார்.

எனக்குக் கோபம் மறுபடியும் கிளம்பியது. பயம் போன இடத்தில் அதுதான் வந்து உட்காரும். மூத்தாரைக் கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். நாக்கில் நல்ல நல்ல வார்த்தைகளாக வரிசையில் நின்றன. நடக்காத காலுக்குச் செருப்பு எதுக்கு என்று கேட்டீர்களே அத்தான் என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

அவர் இருக்கையை விட்டு எழவில்லை. முகம் வேர்த்து வழிந்தது. பக்கெட் கரையில் கிடந்தது, கயிறு தொய்ந்து கிடந்தது, கிணற்றில் ஆள் இல்லை. ஆனாலும் அவர் இரண்டு கையாலும் பிரேக்கை அமுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். என் கணவர் போய், "அண்ணே, விடுண்ணே. எல்லாரும் ஏறியாச்சு," என்று சொல்லியும் விடவில்லை.

"அன்னைக்கி ஆயில் மாத்தச் சொன்னது நாந்தேன்த்தா," என்றார், தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"அப்பா செத்த அன்னைக்கி. அப்பா வேணாம்னுதேன் சொன்னாரு. கிணறு முடியட்டும்டான்னாரு. நாந்தேன் கேக்கல. என்ஜின் சத்தம் சரியில்லப்பா, மாத்துனாத்தேன் ஓட்டுவேன்னு மல்லுக்கு நின்னேன். ஒன்னைய மாதிரியே. மாத்துறதுக்குள்ள பொழுது எறங்கிருச்சு. அந்த அவசரத்துல கயித்தப் பாக்காம அவரு எறங்கிட்டாரு."

என் கணவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமும் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்ட தம்பி. அவருக்கும் இது தெரியாது என்பதை அந்த முகம் சொன்னது. அவருடைய அண்ணன் என்ஜின் சத்தத்தைக் கேட்காமல் இருந்தவர் இல்லை. எல்லாரையும்விட நன்றாகக் கேட்டவர். கேட்டுக்கொண்டே, அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லப் பயந்து உட்கார்ந்திருந்தவர்.

வரிசையில் நின்ற என் வார்த்தைகள் எல்லாம் எங்கே போயினவோ! "அறுந்தது கயிறுதானே அத்தான்," என்றேன். அதே வாக்கியத்தைத்தான் என் கணவரிடமும் சொல்லியிருந்தேன். அன்றைக்கு அது சண்டைக்குச் சொன்னது.

"தெரியும்த்தா," என்றார் மூத்தார். "அறுந்த அன்னைக்கே தெரியும்."

பிறகு என் கணவர் குனிந்து, அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டார்.